எட்டுப் படி தண்ணீர்

திண்டிவனம்
9-5-1938

மரியே துணை.

உங்கள் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எழுதியதும் இல்லை. ஆகையால் பெயர் இல்லாமலே ஆரம்பிக்கிறேன். நீங்கள் எழுதுவீர்கள் என்று மூன்று வாரம் பார்த்தேன். நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எனக்காக வேறு யாரும் எழுத வேண்டியதில்லை.

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று கோயிலில் நடந்ததை விழுப்புரமே பேசுகிறது. உங்கள் அம்மாவும் பேசுகிறார்கள். நான் மட்டும் இன்னும் பேசவில்லை.

பூசையில் சாமியார் கையால் நாக்கில் நன்மை அப்பம் வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் கூட வாயில் படக் கூடாது. அது திருச்சபையின் சட்டம், எனக்கும் தெரியும். ஆனால் என்னால் ஒரு மணி நேரம் கூடத் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியவில்லை. குடித்தது குடித்தபடி நீராகப் போகிறது, உடனே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது சர்க்கரை வியாதியும் இல்லை. நீர் போன இடத்தில் எறும்பு வருகிறதா என்று உங்கள் அம்மாவே பார்த்தார்கள், வரவில்லை. இப்படி ஒன்றரை வருஷமாக நான் நன்மை வாங்காமல் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காக நீங்கள் என்ன செய்தீர்கள்? சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்த குடங்களை உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். ரயில்வே லயன் வீடுகளின் குழாயில் இரவில் தண்ணீர் வராது என்பது உங்களுக்குத் தெரியும். "எல்லாம் வழக்கம்தான். ஒரு ராத்திரி தாங்கிக்கினா வுட்டுப் போயிடும்" என்றீர்கள். மதராசுக்கும் திருச்சிக்கும் போகிற இஞ்சின்களுக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிறவர் நீங்கள். பெண்டாட்டிக்கு ஒரு செம்பு வைக்க மனம் வரவில்லை.

காலையில் கோயிலுக்கு எப்படி நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வாசலில், சனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக மந்திரித்த தண்ணீர் அண்டாவில் இருந்தது. கையில் கரண்டி இருந்தது தெரியும். பிறகு அது கையில் இல்லை. முகத்தையே அண்டாவுக்குள் விட்டேன் என்கிறார்கள். விட்டிருப்பேன். "ஏ, இன்னாம்மே இது, மாடு கணக்கா!" என்று உபதேசியார் அந்தோணிசாமி கத்தியதும், உங்கள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனதும் மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் தூண் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பூட்டியதைக் கூட நான் மறந்துவிடுவேன். நின்று பார்த்தீர்களே, அதைத்தான் எழுதுகிறேன்.

அன்று சவுரிராயன் அண்ணன் வந்து என்னை இங்கே அழைத்து வந்தார். ரயிலேற்றிவிடக்கூட நீங்கள் வரவில்லை.

இங்கே எங்கள் தெருவுக்கு ஒரே கிணறு. அதிலும் இப்போது சேறுதான். உங்கள் சட்டையின் கரி வாசனை என்னுடைய ஒரு புடவையில் இன்னும் இருக்கிறது. நான் துவைக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை, தண்ணீர் இல்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
20-5-1938

லூர்துமேரிக்கு இருதயராஜ் எழுதுவது.

உன் கடிதத்தைப் பம்பு ஷெட்டில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்கப் பயம். பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

பூட்டியது என் யோசனை இல்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஷெட்டு மேஸ்திரி அப்பாதுரைதான் சொன்னார், கள் குடிக்கிறவனை ரெண்டு நாள் அறையில் போட்டுப் பூட்டினால் தெளிந்துவிடுகிறான், இதுவும் அப்படித்தான் என்று. ஆனால் பூட்டின கை என்னுடையது.

அம்மா பிடித்த பிடியில் நிற்கிறாள். "அவ ஒருக்கா எல்லார் முன்னாலயும் மண்டி போட்டு நன்மை வாங்கட்டும். அப்புறமா வந்து எம்மாந் தண்ணி வேணும்னாலும் குடிச்சிக்கட்டும். அதுவரிக்கும் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. எம் மூஞ்சிய நான் எங்கடா வெச்சிக்கிறது?" என்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான பெண் திருநாளுக்குத் திருநாள் நன்மை வாங்காமல் இருந்தால், வெளியே சொல்ல முடியாத பாவம் ஏதோ அவள் மேல் இருக்கிறது என்றுதானே நம் சனம் பேசும். என் காது படவே பேசினார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும் அப்படி நினைத்தேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

இருதயராஜ்


திண்டிவனம்
27-5-1938

மரியே துணை.

ஒரு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாள்? எனக்குக் காய்ச்சல் வந்தபோது தலையைப் பிடித்துவிட்டீர்களே, அந்த நாளா? திருவிழாவில் எனக்கு வளையல் வாங்கிப் போட்ட நாளா? எதுவென்று சொன்னால் அந்த ஒரு நாளை மட்டும் கழித்துவிட்டு மற்ற நாட்களை வைத்துக்கொள்வேன். சொல்லாவிட்டால் எல்லா நாளிலும் சந்தேகம் வருகிறது.

தாலி கட்டியவர் என்பதால் ஒன்றைத் தெரிவிக்கிறேன். இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் அண்ணன் அழைத்துப் போனார். எத்தனை குடிக்கிறாய் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் படியால் அளந்து குடி, வெளியே போவதையும் அளந்து சொல் என்றார்கள். அளந்தேன். எட்டுப் படி உள்ளே, ஏறக்குறைய எட்டுப் படி வெளியே. இது எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் எங்கேயாவது விழுந்தாயா என்றும் கேட்டார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. லயன் குழாயடியில் குடத்தோடு வழுக்கி விழுந்தேனே, பின்மண்டை கல்லில் பட்டு மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தேனே. அதற்குப் பிறகு பத்து நாளில் வந்ததுதான் இந்தத் தாகம். நான் இதைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

"மல்லாட்ட புடுங்கி முடியட்டும்மா, இட்டுக்கினு போறேன்" என்கிறார் அண்ணன். நிலக்கடலை இன்னும் விதைக்கவே இல்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
12-6-1938

லூர்துமேரிக்கு,

அந்த நாள் எது என்று கேட்டாய். போன தையில் நீ என்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வந்தாயே, அன்று. நீ ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாய் என்று இப்போது தெரிகிறது. அதை மட்டும் கழித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அம்மாவுக்குத் தெரியாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் விடாமல் பம்பு ஷெட்டில் வேலை பார்த்தேன். பாய்லர் சூடு உனக்குத் தெரியும். "இன்னா ராஜு, நோம்பா? அந்தோணியாருக்கு வேண்டுதலா?" என்று அப்பாதுரை மேஸ்திரி கிண்டல் பண்ணினார். பன்னிரண்டு மணிக்கு எச்சில் நின்றது. மூன்று மணிக்கு, இஞ்சினில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்தது. நீ அன்று கோயிலுக்கு எப்படி நடந்து வந்தாய்?

இன்னொன்றும் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு ஒரே தடவைதான் நீர் போயிற்று, அதுவும் ஒரு கை அளவு, வெல்லத் தண்ணீர் நிறத்தில். உள்ளே இருப்பதை உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உனக்கு அப்படி இல்லை. குடிக்காமல் கிடந்தாலும் தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. ஷெட்டில் டேங்கின் அடி வால்வு மூடாமல் போனால், மேலே எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. அப்போது நாங்கள் வால்வைத்தான் கழற்றிப் பார்ப்போம். பம்பைப் பூட்ட மாட்டோம்.

பதினொரு வருஷம் இந்த வேலை பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை.

இருதயராஜ்


திண்டிவனம்
3-11-1938

மரியே துணை.

பட்டணத்தில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். உங்களுக்கு நிறைய எழுத வேண்டும்.

அங்கேயும் முதலில் எனக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். உங்கள் உள்ளறைப் பூட்டு நினைவுக்கு வந்தது. ஆனால் நர்சம்மா தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கொரு தரம் என்னைத் தராசில் நிறுத்தினார்கள். நீரைப் பிடித்து அளந்தார்கள். அஞ்சு மணி நேரத்தில் நாலு ராத்தல் எடை போய்விட்டது. "போதும், குடும்மா" என்று டம்ளரை வாயில் வைத்தார்கள். நீங்கள் நிறுத்தியதும் அதே தண்ணீர்தான். அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

வியாதிக்குப் பெயர் சர்க்கரை இல்லாத நீரிழிவாம். பெரிய டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "நீரைப் பிரிக்கிற உன் குண்டிக்காய் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. உடம்புல தண்ணி குறைஞ்சா அது ஒரு சத்தை ரத்தத்துல விடும். அது வந்து சேர்ந்தாத்தான் குண்டிக்காய் தண்ணியப் பிடிச்சு வைக்கும். நீ விழுந்தப்போ அந்த இடத்துல அடி பட்டிருக்கு. தகவல் வரல, அதனால அது பாட்டுக்கு விட்டுக்கிட்டே இருக்கு" என்றார். தாகம் என் தப்பில்லை என்றும், தாகம் இருந்ததால்தான் நான் செத்துப்போகவில்லை என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கண்ணீருக்கும் உடம்பில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

மருந்து என்ன தெரியுமா? மூக்குப்பொடி! மாட்டின் அந்தச் சுரப்பியைக் காயவைத்து அரைத்துச் சீமையிலிருந்து சீசாவில் வருகிறது. ஒரு சிட்டிகை மூக்கில் இழுக்க வேண்டும். முதல் தடவை பதினாறு தும்மல் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வாயில் எச்சில் ஊறியது. பக்கத்துக் கட்டில்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று பார்க்கிறேன், நான் தண்ணீரை நினைக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறு ஏதேதோ நினைத்தேன். முக்கால்வாசி உங்களை.

அண்ணன் வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தார். "இந்த வயசுலயே பொடி போட ஆரம்பிச்சிட்டியே, அடுத்தது சுருட்டாம்மே?"

பொடி போட்டால் நன்மை வாங்கலாமா என்று இங்கே சாமியாரைக் கேட்டேன். ஒரு வாரம் புத்தகங்களைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அங்கிப் பையிலிருந்து தன் பொடிமட்டையை எடுத்துக் காட்டி, "மூக்கால போறது நோன்பை முறிக்காது. முறிக்கும்னா நான் இத்தன வருஷம் பூசையே வெச்சிருக்க முடியாது" என்றார்.

முந்தாநாள் திருநாள் பூசையில் நன்மை வாங்கினேன். பக்கத்தில் யாரோ ஒரு கிழவி மண்டியிட்டிருந்தாள். நீங்கள் இல்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
10-11-1938

என் லூர்துமேரிக்கு,

கடிதம் கிடைத்ததும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "நெசமாவாடா? மண்டி போட்டு வாங்கினாளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன்னைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்துமசுக்கு இங்கே எல்லார் முன்னாலும் நீ நன்மை வாங்க வேண்டும், அந்த உபதேசியார் முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்கிறாள். உனக்குப் புதுப் புடவை எடுக்கச் சொன்னாள். நானே போய்ப் பச்சையில் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன். ஜல்தி மூட்டை கட்டு.

இருதயராஜ்


திண்டிவனம்
18-11-1938

மரியே துணை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, என் அம்மா வைத்த கேப்பைக் களியைத் தின்றுவிட்டு, நான் உள்ளே இருந்து வராததால் தனியாகத் திரும்பிப் போனீர்கள். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். உங்கள் முதுகு இளைத்திருக்கிறது.

ஏன் வரவில்லை என்று எழுதுகிறேன். நீங்கள் கூப்பிடுவது பொடி போட்ட லூர்துமேரியை. அவள் ஒரு சீசாவுக்கு நாற்பது நாள் இருக்கிறவள். பொடி வராமல் போனால் பழைய லூர்துமேரிதான் மிச்சம், எட்டுப் படி குடித்துவிட்டுக் கோயிலில் பின்னால் உட்காருகிறவள். அவளை உங்கள் வீட்டில் யாராவது கூப்பிட்டார்களா? பச்சைப் புடவை அவளுக்கும் உண்டா?

பொடி இல்லாத நாளில் உங்கள் வீட்டில் எனக்கு என்ன நடக்கும்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எழுதினால் அன்றைக்கே புறப்படுகிறேன். எனக்கும் இங்கே நாள் போகவில்லை.

லூர்துமேரி


விழுப்புரம்
6-2-1939

லூர்துமேரிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றும் நடக்காது, பயப்படாமல் வா என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அம்மாவிடம் கேட்டேன், பொடி இல்லாவிட்டால் என்று. "அப்ப பாத்துக்கலாம்" என்றாள். அந்த 'அப்ப' என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லாதவன், உனக்கு வாக்குக் கொடுத்து என்ன பிரயோசனம்? பொய் எழுதி உன்னை வரவழைக்க மனம் இல்லை.

சாயங்காலம் மதராஸ் பாசஞ்சருக்குத் தண்ணீர் ஏற்றும்போது, இது திண்டிவனம் போகிறதற்குள் எவ்வளவு ஆவியாகும் என்று கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊர் மேல் கொஞ்சமாவது போகும்.

இருதயராஜ்


திண்டிவனம்
14-10-1940

மரியே துணை.

ஒன்றே முக்கால் வருஷம் ஆயிற்று. நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

சண்டையால் கப்பல் வருவதில்லையாம். பட்டணத்தில் எங்கேயும் பொடி இல்லை. கடைசிச் சீசாவைச் சிட்டிகையைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கி ஓட்டினேன். சனிக்கிழமையோடு தீர்ந்தது. எட்டுப் படி திரும்பி வந்துவிட்டது.

இதை எதற்கு உங்களுக்கு எழுதுகிறேன்? கூப்பிடச் சொல்லி இல்லை. அம்மாவிடம் சொன்னால் அழுகிறார்கள். அண்ணன் கிணற்றடியில் எனக்காகச் சண்டை போடுகிறார். தாகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர், எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சாயங்கால பாசஞ்சர் போகும்போது வேலி ஓரம் போய் நிற்கிறேன். தினமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போவதில்லை.

லூர்துமேரி


முண்டியம்பாக்கம் கேட்
8-12-1940

லூர்துமேரிக்கு,

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். இரண்டு வருஷம் தாமதம்.

கல்லறைத் திருநாளன்று நம் சனம் முழுவதும் கல்லறையில் கூடியிருந்தது. அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். உன் கடிதம் பையில் இருந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எம் பொஞ்சாதி நன்மை வாங்காததுக்குக் காரணம் நோவு, பாவம் இல்ல. நோவுக்காரிக்குத் தண்ணியப் பூட்டி வெச்சவன் நான். இதுல பாவம் யாருதுன்னு கேட்டா என்னுது. இனிமே அவளப் பத்திப் பேசறதா இருந்தா எங்கிட்ட வந்து பேசுங்க" என்றேன். "கல்லறையில இன்னாடா பேச்சு இது?" என்று உபதேசியார் அதட்டினார். பின்னாலிருந்து ஒரு கிழவி, "பேசட்டும் வுடுய்யா. நீயுந்தான மாடுன்ன அவள" என்றாள்.

அம்மா இரண்டு நாள் எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"எட்டுப் படின்னா எத்தினி கொடம்டா?"

"ஒரு கொடம்மா. தளும்பத் தளும்ப."

கையிலிருந்த அகப்பையைச் சட்டியில் போட்டாள். "ஒரு கொடந்தானா? இதுக்காடா நாம இம்மாம் பேஜாரு பண்ணோம்?" என்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பம்பு வேலையை விட்டுவிட்டுக் கேட்மேன் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். வந்து ஒரு வாரம் ஆகிறது. முண்டியம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வடக்கே அரை மைலில் ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கேட்டு, பக்கத்தில் ஒரே அறை வீடு. வாசலிலிருந்து பத்து அடியில் கிணறு. ராட்டினம் புதிது. ரயில்வே கிணறு, யார் இறைக்கலாம் யார் இறைக்கக் கூடாது என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. கார்த்திகை மழையில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. சித்திரையிலும் வற்றாது என்று பழைய கேட்மேன் சொன்னார்.

அம்மா என் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். நீ சொன்னால் வருவாளாம், சொல்லாமல் வர மாட்டாளாம்.

கப்பல் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எட்டுப் படி குடிக்கிறவளைக் கூப்பிடுகிறேன்.

இருதயராஜ்


திண்டிவனம்
12-12-1940

மரியே துணை.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். அண்ணன் முண்டியம்பாக்கம் வரை கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். வழிக்கு இரண்டு செம்பு தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தூரத்துக்கு அது போதும்.

அத்தையை நானே கடிதம் எழுதிக் கூப்பிடுகிறேன். ஆனால் உடனே இல்லை. ஒரு மாதம் போகட்டும். நாம் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்து இரண்டரை வருஷம் ஆகிறது.

கேட்டை விட்டு நீங்கள் ஸ்டேஷனுக்கு வர முடியாது என்று தெரியும், வர வேண்டாம். வண்டி முதலில் உங்கள் கேட்டைத் தாண்டித்தானே ஸ்டேஷனுக்குப் போகிறது? கிணறு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எந்த ஜன்னலில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாருங்கள். நீங்கள் பச்சைக் கொடி பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். என்னைக் கண்டதும் கையை ஆட்டிவிடாதீர்கள், வந்த வாரமே வேலை போய்விடும். பார்த்தால் போதும்.

ஸ்டேஷனில் இறங்கி அரை மைல் திரும்பி நடந்து வந்துவிடுகிறேன்.

லூர்துமேரி